விண்ணில் ஒரு திண்ணை

நுழையும்முன்

தொலைவில் இருப்பவரோடு பேச வேண்டும் என்பது மனிதரின் நெடுநாள் விருப்பம். இன்று அவ்விருப்பத்தைக் கைப்பேசிக் கோபுரங்களும் கடலடி வடங்களும் நிறைவேற்றுகின்றன. அவற்றின் துணையின்றி, தாமே அமைத்த சிறு கருவியால், விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள் வழியாக ஒருவரோடொருவர் உரையாடுவோரும் உலகெங்கும் உள்ளனர். அவர்களின் கலையையும், அக்கலையோடு நெருங்கிய உறவுடைய சென்னையின் தென்புறநகரையும் இப்பாடம் அறிமுகம் செய்கிறது.

ஹாம் என்போர் யார்?

வானொலி அலைகளைத் தொழிலுக்காகவோ வருவாய்க்காகவோ அன்றி, அறிவுத் தேடலுக்காகவும் நட்புக்காகவும் பயன்படுத்துவோரை அமெச்சூர் வானொலியாளர் என்பர். உலக வழக்கில் இவர்களுக்கு ‘ஹாம்’ என்று பெயர். இவர்கள் வானொலி கேட்பதோடு நில்லாமல் பேசவும் செய்பவர்கள். அரசின் தேர்வில் வென்று உரிமம் பெற்ற பின்னரே இவர்கள் தம் கருவிகளை இயக்க முடியும். உரிமத்தோடு ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி வழங்கப்படும். உலகில் வேறு எவருக்கும் அக்குறி இராது. இந்திய ஹாம்களின் குறிகள் பெரும்பாலும் ‘வி.யு.’ என்னும் எழுத்துகளில் தொடங்கும். இந்தியத் தலைமையமைச்சராக விளங்கிய இராஜீவ் காந்தியும் ஒரு ஹாமே. அவருடைய அழைப்புக் குறி வி.யு.2 ஆர்.ஜி. என்பதாகும்.

சென்னைக்கும் ஆர்வலர்களின் வானொலிக்கும் இடையிலான உறவு ஒரு நூற்றாண்டுப் பழமை உடையது. 1924-ஆம் ஆண்டு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலி மன்றம் தோன்றியது. அரசு வானொலி நிலையம் இந்நகரில் அமைவதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே, ஆர்வலர் சிலர் கூடி ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டனர். பொருள் நெருக்கடியால் 1927-இல் அம்மன்றம் ஓய்ந்தது. அதன் ஒலிபரப்பிக் கருவியைச் சென்னை மாநகராட்சி பெற்று, 1930 முதல் ஒலிபரப்பை நடத்தியது. இவ்வாறு ஆர்வலர் இட்ட வித்தே பின்னர்ப் பொது நிறுவனமாக வளர்ந்தது.

அலைகளின் எல்லை

வானொலி அலைகள் எல்லாம் ஒரே தன்மையுடையன அல்ல. 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலைகள் வளிமண்டலத்தின் மேலடுக்காகிய அயனி மண்டலத்தால் திருப்பப்பட்டு மீண்டும் மண்ணை வந்தடையும். இதனால் அவை கண்டங்களையும் கடக்க வல்லன. எனினும் கதிரவனின் இயல்புக்கேற்ப அயனி மண்டலம் மாறிக்கொண்டே இருப்பதால், இன்று தெளிவாகக் கேட்ட குரல் நாளை கேளாது போகலாம்.

அதிர்வெண் அதற்கு மேலும் உயரும்போது அலைகள் அயனி மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குச் சென்றுவிடுகின்றன. 145 மெகாஹெர்ட்ஸ், 435 மெகாஹெர்ட்ஸ் ஆகியன இத்தகைய அலைகள். இவை ஒளியைப்போல் நேர்கோட்டில் செல்வதால் பூமியின் வளைவு இவற்றுக்குத் தடையாகிறது. தாம்பரத்தில் ஒரு மாடியிலிருந்து சிறு கருவியால் அனுப்பும் இத்தகைய அலை செங்கல்பட்டை எட்டுவதே அரிது.

ஆனால் அயனி மண்டலத்தைத் துளைத்துச் செல்லும் அந்த இயல்பே விண்வெளித் தொடர்புக்கு வாயிலாகவும் அமைந்தது. மேலே சென்ற அலையைப் பெற்று மீண்டும் கீழே அனுப்ப ஒரு கருவி விண்ணில் இருக்குமானால், செங்கல்பட்டை எட்டாத அலை தில்லியையும் எட்டும். செயற்கைக்கோள் செய்வது இப்பணியையே.

மாணவர் கேட்ட முதல் ஒலி

1957 அக்டோபர் 4 அன்று சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் என்னும் முதல் செயற்கைக்கோளை ஏவியது. அது அனுப்பிய ‘பீப், பீப்’ என்னும் ஒலியை உலகெங்கும் இருந்த ஹாம்கள் தம் வீட்டுக் கருவிகளிலேயே கேட்டனர். கேட்டவர்களுள் சிலர், தமக்கென ஒரு செயற்கைக்கோளை அமைத்தால் என்ன என்று எண்ணினர். கலிபோர்னியாவில் ஆர்வலர் குழு ஒன்று அவ்வெண்ணத்தைச் செயலாக்கியது. அதன் பயனாக 1961 டிசம்பர் 12 அன்று ‘ஆஸ்கர் 1’ விண்ணேறியது.

அமெரிக்க விமானப்படையின் ஏவுகலத்தில் எடையைச் சமன்செய்ய வைக்கப்பட வேண்டிய வெற்றுச் சுமைக்கு மாற்றாக அது ஏற்றப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ நான்கரைக் கிலோகிராம். மின்விளக்கு ஒன்றை ஒளிரச் செய்யவும் போதாத சிறு ஆற்றலில், மோர்ஸ் குறியீட்டில் ‘ஹாய்’ என்னும் ஒற்றைச் சொல்லை அது இடைவிடாது ஒலித்தது. கோளின் உள்வெப்பம் மாறும்போது அச்சொல் ஒலிக்கும் வேகமும் மாறும். எனவே அவ்வணக்கமே வெப்பமானியாகவும் பயன்பட்டது. மூன்று வாரங்களே அது ஒலித்தது. அதற்குள் 28 நாடுகளைச் சேர்ந்த 570-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் அதனைக் கேட்டுக் குறிப்பு அனுப்பினர். வல்லரசுகள் மட்டுமே விண்வெளியில் இயங்கிய காலத்தில், எளிய மக்கள் கூடி ஒரு கோளைச் செலுத்த இயலும் என்பதை ஆஸ்கர் 1 மெய்ப்பித்தது. அடுத்தடுத்து வந்த ஆஸ்கர் கோள்கள் ஹாம்களின் குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் ஆற்றலும் பெற்றன.

செயற்கைக்கோள் வழியே உரையாடல்

நம் சிற்றூர் வீடுகளின் முகப்பில் திண்ணை இருக்கும். வழிப்போக்கர் எவரும் அதில் அமர்ந்து இளைப்பாறலாம். அறிமுகம் இல்லாதவர்கூட ஒருவரோடொருவர் பேசலாம். உரிமம் பெற்ற ஹாம்களுக்கு அமெச்சூர் செயற்கைக்கோள் விண்ணில் கட்டப்பட்ட திண்ணையாகும். பயன்படுத்தக் கட்டணம் இல்லை. நாடு, மொழி, சமயம் என்னும் வேறுபாடும் இல்லை.

அக்கோளின் உள்ளே இருக்கும் முதன்மைக் கருவிக்கு டிரான்ஸ்பாண்டர் என்று பெயர். அது ஓர் அதிர்வெண்ணில் வரும் அலையை வாங்கி, வலுவேற்றி, வேறோர் அதிர்வெண்ணில் திருப்பி அனுப்புகிறது. எடுத்துக்காட்டாக, 435 மெகாஹெர்ட்ஸில் மேலே அனுப்பிய குரல் 145 மெகாஹெர்ட்ஸில் கீழே வரும். இரண்டு அதிர்வெண்களும் வேறுவேறாக இருப்பதால், பேசுபவர் தம் குரல் விண்ணிலிருந்து திரும்பி வருவதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே கேட்க இயலும். தம் அலை கோளை எட்டியதா என்பதற்கு அதுவே சான்று.

இக்கோள்களுட் பல ஏறத்தாழ 600 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவ்வுயரத்தில் கோளின் வேகம் வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டர். பூமியை ஒருமுறை சுற்றி வர அதற்கு 97 நிமிடங்கள் போதும். அது சென்னைக்கு நேர்மேலே இருக்கும்போது சுற்றிலும் 2,700 கிலோமீட்டர் தொலைவு வரை அதன் ‘பார்வை’யில் இருக்கும். தில்லி, கொல்கத்தா, கொழும்பு, போர்ட் பிளேர் ஆகிய அனைத்தும் அவ்வட்டத்துள் அடங்கும். அவ்வட்டத்துக்குள் இருக்கும் எவ்விருவரும் அந்நேரத்தில் பேசிக்கொள்ளலாம்.

இங்குக் காலம்தான் பெருந்தடை. கோள் தொடுவானில் எழுந்து மறுபக்கத் தொடுவானில் மறைவதற்கு மிகுதியாகப் பதின்மூன்று நிமிடங்களே ஆகின்றன. தலைக்கு நேர்மேலே செல்லாமல் ஒதுங்கிச் செல்லும் நாளில் காலம் மேலும் குறையும். எனவே, கோள் எந்நேரத்தில் எத்திசையில் எழும் என்பதை ஹாம்கள் முன்னரே கணித்து வைத்திருப்பர். கோள்களின் இயக்கம் குறித்து நானூறு ஆண்டுகளுக்கு முன் கெப்ளர் வகுத்த விதிகளே அக்கணிப்புக்கு அடிப்படை.

விரைந்து செல்லும் ஒலி

தாம்பரம் சானடோரியம் நிலைய மேடையில் நிற்கும்போது, நில்லாமல் விரையும் தொடர்வண்டி ஒன்று கடந்து செல்வதாகக் கொள்வோம். வண்டி நெருங்கும்போது அதன் ஊதொலி கூர்மையாகவும், கடந்து விலகும்போது தாழ்ந்தும் கேட்கும். ஊதொலி மாறவில்லை, வண்டியின் வேகமே அதனை நம் செவிக்கு மாற்றித் தருகிறது. இதனை டாப்ளர் விளைவு என்பர்.

செயற்கைக்கோளுக்கும் இது பொருந்தும். அது நம்மை நோக்கி வரும்போது 435 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸ் கூடுதலாகவும், விலகும்போது அதே அளவு குறைவாகவும் வந்து சேரும். ஒருவரின் பேச்சுக்குத் தேவையான அலையகலம் மூன்று கிலோஹெர்ட்ஸ் அளவே. எனவே கருவியைத் திருத்தாமல் விட்டால் குரல் முற்றிலும் நழுவிவிடும். ஒரு கையால் ஆன்டெனாவைக் கோளின் திசைக்குத் திருப்பிக்கொண்டும், மறுகையால் அதிர்வெண்ணைச் சிறிதுசிறிதாக மாற்றிக்கொண்டும் பேசுவது ஹாம்களின் கைத்திறம். இன்று கணினியும் இப்பணியில் துணைசெய்கிறது.

இதற்கு வேண்டிய ஆன்டெனா விலையுயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. ஜப்பானியப் பொறியாளர்களான யாகி, உடா ஆகியோர் 1926-இல் வெளியிட்ட வடிவமைப்பு இன்றும் பயன்படுகிறது. பழைய தொலைக்காட்சி ஆன்டெனாக்களை நம் வீட்டு மாடிகளில் கண்டிருப்போம், அவையும் அவ்வகையினவே. 145 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் இரண்டு மீட்டருக்குச் சற்று மிகுதி. அதில் பாதி நீளமுள்ள உலோகக் கம்பிகளை ஒரு குழாயில் உரிய இடைவெளியில் பொருத்தினால் யாகி ஆன்டெனா உருவாகிவிடும். எஃகு அளவுநாடாவை வெட்டியும், பிளாஸ்டிக் குழாயில் பொருத்தியும் மாணவர்களே இதனைச் செய்துவிடுகின்றனர்.

தெரிந்து தெளிவோம்

ஹாம்கள் உரையாடலை முடிக்கும்போது ‘73’ என்பர். ‘நல்வாழ்த்துகள்’ என்பது அதன் பொருள். தந்திக் காலத்தில் தோன்றிய இவ்வழக்கு இன்றும் தொடர்கிறது. முதன்முறை பேசிக்கொண்ட இருவர், அதற்குச் சான்றாகத் தம் அழைப்புக் குறி அச்சிட்ட அஞ்சலட்டைகளைப் பரிமாறிக்கொள்வதும் உண்டு. இவை கியூ.எஸ்.எல். அட்டைகள் எனப்படும்.

இந்தியாவின் கொடை

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவின் இரண்டாம் ஏவுதளத்திலிருந்து முதன்முதலாக ஓர் ஏவுகலம் எழுந்தது. பி.எஸ்.எல்.வி. சி6 என்னும் அக்கலம், 1,560 கிலோகிராம் எடையுள்ள கார்ட்டோசாட்-1 கோளோடு, 42.5 கிலோகிராம் எடையுள்ள ‘ஹாம்சாட்’ என்னும் சிறு கோளையும் சுமந்து சென்றது. அமெச்சூர் வானொலிக்கென்றே இந்தியா அமைத்த செயற்கைக்கோள் இது.

ஹாம்சாட்டில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள் இருந்தன. ஒன்றை இஸ்ரோவின் துணையோடு இந்திய ஹாம்கள் அமைத்தனர். மற்றொன்றை நெதர்லாந்தைச் சேர்ந்த பொறியியல் மாணவராகிய ஹாம் ஒருவர் அமைத்தார். ஒரு நாட்டின் கோளில் பிறிதொரு நாட்டு மாணவரின் கைவினை இடம்பெற்றமை இக்கலையின் இயல்பை நன்கு உணர்த்தும். ஒரே நேரத்தில் பலர் பேசத்தக்க அகன்ற அலைப்பட்டை அதில் இருந்தது. அதன் ஆற்றல் ஏறத்தாழ ஒரு வாட் மட்டுமே. ஆயினும் தெற்காசியாவில் மட்டுமன்றி, அது கடந்து சென்ற எல்லா நாடுகளிலும் ஹாம்கள் அதனைப் பயன்படுத்தினர். உலக வரிசையில் அதற்கு ‘விஓ-52’ என்னும் பெயர் கிடைத்தது.

ஒன்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிய ஹாம்சாட், மின்கலம் பழுதுற்றதால் 2014 சூலை 11 அன்று ஓய்வு பெற்றது.

குரோம்பேட்டையில் உருவான கோள்

தாம்பரத்துக்கு அருகே குரோம்பேட்டையில் அமைந்துள்ள சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் 1949-இல் சி. ராஜம் அவர்களின் கொடையால் தோன்றியது. குடியரசுத் தலைவராக விளங்கிய ஏ. பி. ஜெ. அப்துல் கலாம் இங்கு வானூர்திப் பொறியியல் பயின்றார். அறிவியலைத் தமிழில் எளிமையாக எழுதிய சுஜாதா இங்கு மின்னணுவியல் பயின்றார். பின்னர் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவான இவ்வளாகத்தில்தான், இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோளான ‘அனுசாட்’ உருப்பெற்றது. இஸ்ரோவின் வழிகாட்டுதலில் ஆசிரியரும் மாணவரும் இணைந்து அமைத்த அக்கோளின் எடை 40 கிலோகிராம். 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி12 அதனை ரிசாட்-2 கோளோடு விண்ணில் சேர்த்தது.

அனுசாட்டின் சிறப்பு, செய்தியைச் சேமித்து அனுப்பும் முறையாகும். ஹாம்சாட் போன்ற கோளில் பேசுபவரும் கேட்பவரும் ஒரே நேரத்தில் அதன் பார்வைக்குள் இருத்தல் வேண்டும். அனுசாட்டுக்கு அத்தேவை இல்லை. ஓரிடத்தைக் கடக்கும்போது செய்தியைப் பெற்றுத் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். வேறோரிடத்தைக் கடக்கும்போது அதனை இறக்கிக் கொடுக்கும். ஊர் ஊராகச் சென்று மடல்களைப் பெற்றும் கொடுத்தும் வரும் அஞ்சலரோடு இதனை ஒப்பிடலாம். தொலைபேசிக் கம்பியோ கோபுரமோ இல்லாத இடங்களுக்கு இம்முறை பெரிதும் ஏற்றது. ஏறக்குறைய மூன்றாண்டுக் காலம் சுற்றிய அனுசாட், 2012 ஏப்ரலில் வளிமண்டலத்தில் நுழைந்து மறைந்தது.

அனுசாட் காட்டிய வழியில் தென்புறநகரின் பிற கல்வி நிறுவனங்களும் நடந்தன. குரோம்பேட்டையிலிருந்து அதே இருப்புப்பாதையில் தாம்பரத்தையும் வண்டலூரையும் கடந்து சென்றால் பொத்தேரி வரும். அதனை அடுத்த காட்டாங்குளத்தூரில் உள்ள எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் 10.9 கிலோகிராம் எடையில் ‘எஸ்.ஆர்.எம்.சாட்’ கோளை அமைத்தனர். வளிமண்டலத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் ஆராயும் நோக்குடைய அக்கோள் 2011 அக்டோபர் 12 அன்று ஏவப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலையில் உள்ள சத்தியபாமா பல்கலைக்கழக மாணவர்களின் ‘சத்தியபாமாசாட்’ 2016 சூன் 22 அன்று விண்ணேறியது. அதன் எடை ஒன்றரைக் கிலோகிராம் மட்டுமே. ஏழு ஆண்டுகளில் 40 கிலோகிராமிலிருந்து ஒன்றரைக் கிலோகிராமுக்கு மாணவர் கோளின் எடை சுருங்கியதை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். இருபது கோள்களைச் சுமந்த அதே ஏவுகலத்தில், புனே பொறியியல் கல்லூரி மாணவர்கள் ஹாம்களின் செய்தித் தொடர்புக்காக அமைத்த ‘சுவயம்’ என்னும் கோளும் இடம்பெற்றிருந்தது.

மாணவர் கோள்களுக்கும் ஹாம்களுக்கும் உள்ள உறவு வெறும் ஆர்வத்தால் ஆனதன்று, தேவையால் ஆனது. ஒரு கல்லூரியின் தரைநிலையம் தன் கோளை ஒரு நாளில் சில நிமிடங்களே கேட்க முடியும். எஞ்சிய நேரமெல்லாம் அது பிற நாடுகளின் மேலும் கடல்களின் மேலும் சுற்றிக்கொண்டிருக்கும். ஏவிய முதல் நாளில் கோள் உயிரோடு இருக்கிறதா, மின்கலம் நிரம்புகிறதா, வெப்பம் ஏறுகிறதா என்பவற்றை அறிய முடியாமல் அதனை அமைத்தோர் தவிப்பர். அந்நேரத்தில் எங்கோ ஒரு நாட்டில், தம் வீட்டு மாடியில் அமர்ந்து அக்கோளின் ஒலியைப் பதிவு செய்து அனுப்பும் ஹாமின் உதவி விலைமதிப்பற்றது. மாணவர் கோள்கள் பலவும் அமெச்சூர் அலைவரிசையில் தம் நிலையை அறிவிக்குமாறு அமைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கோபுரங்கள் ஓய்ந்தபோது

2004 டிசம்பரில், தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் ஹாமின் தலைமையில் ஒரு குழு போர்ட் பிளேருக்குச் சென்றிருந்தது. உலக ஹாம்களுக்குக் கிட்டாத அரிய இடமாகிய அந்தமானிலிருந்து ஒலிபரப்புவது அவர்களின் நோக்கம். டிசம்பர் 26 காலையில் நிலம் அதிர்ந்தது. ஆழிப்பேரலை தீவுகளைத் தாக்கியது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அக்குழுவினர் தம் பொழுதுபோக்கைக் கைவிட்டு, அதே கருவிகளால் தீவுகளுக்கும் தாயகத்துக்கும் இடையே செய்திகளைக் கடத்தினர். உறவினரின் நிலை அறியாமல் தவித்த பல குடும்பங்களுக்கு அவ்வலைகளே செய்தி கொண்டுசேர்த்தன. அன்று அவர்கள் நம்பியிருந்தது சிற்றலைகளையே. அடுத்த நான்கு மாதங்களில் ஹாம்சாட் விண்ணேறியது.

தென்புறநகரும் இத்தகைய நாளைக் கண்டது. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அடையாற்றின் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மின்சாரம் நின்றது, மின்சாரம் நின்றதால் கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வீட்டின் மேல்தளத்தில் நின்றவரிடம் கைப்பேசி இருந்தும் அதனால் பயனில்லை. அந்நாள்களில் சென்னையின் ஹாம்கள் சிலர் தம் கருவிகளோடு மீட்புப் பணிக்குத் துணைநின்றனர்.

கைப்பேசி என்பது தனித்த கருவி அன்று. கோபுரம், மின்சாரம், கம்பி வடம், இணைப்பகம் எனப் பல கண்ணிகள் கோத்த சங்கிலி அது. ஒரு கண்ணி அறுந்தாலும் சங்கிலி முழுவதும் பயனற்றுப்போகும். ஹாம் கருவிக்கு ஒரு மகிழுந்தின் மின்கலமும் ஓர் ஆன்டெனாவும் போதும். செயற்கைக்கோள் வெள்ளத்துக்கும் புயலுக்கும் எட்டாத உயரத்தில் உள்ளது. அது சில நிமிடங்களே தலைக்குமேல் இருக்கும் என்பதும், அந்நேரத்தைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பதும் உண்மையே. ஆயிரக்கணக்கானோரின் பேச்சை அதனால் தாங்க இயலாது. ஆனால் ‘இங்கு இத்தனை பேர் உள்ளோம், மருந்து வேண்டும், படகு வேண்டும்’ என்னும் முதல் செய்திக்கு ஒரு நிமிடம் போதும். பேரிடரில் உயிரைக் காப்பது அம்முதல் செய்தியே. அதனை உரிய நேரத்தில் அனுப்பத் தெரிந்தவர் ஊருக்குச் சிலராவது இருத்தல் வேண்டும். இடர் வந்த பின் அக்கலையைக் கற்க இயலாது. அமைதிக் காலத்துப் பயிற்சியே அன்று கைகொடுக்கும்.

மீண்டும் எழுந்த குரல்

1974 நவம்பரில் ஏவப்பட்ட ‘ஆஸ்கர் 7’ என்னும் கோள், மின்கலப் பழுதால் 1981-இல் மௌனமானது. அதன் வாழ்வு முடிந்ததென்றே அனைவரும் எண்ணினர். இருபத்தோர் ஆண்டுகளுக்குப் பின், 2002 சூனில் ஒரு ஹாம் அதன் ஒலியை மீண்டும் கேட்டார். பழுதுற்ற மின்கலத்தின் வழியாக வீணாகிக்கொண்டிருந்த மின்னோட்டம் அறுபட்டதால், சூரியத் தகடுகளின் மின்சாரம் நேரே கருவிகளுக்குக் கிடைக்கத் தொடங்கியிருந்தது. அது முதல் வெயிலில் விழித்து, பூமியின் நிழலில் உறங்கி வாழ்ந்தது அக்கோள். ஹாம்சாட்டை வீழ்த்தியதும் மின்கலமே. ஆஸ்கர் 7-ஐ வீழ்த்தி மீண்டும் எழுப்பியதும் மின்கலமே.

இன்று இக்கலையின் எல்லை விரிந்துள்ளது. 2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தார் நாட்டின் எஸ்ஹெயில்-2 கோளில் ஹாம்களுக்கான டிரான்ஸ்பாண்டரும் இடம்பெற்றது. புவியின் சுழற்சியோடு இணைந்து 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிலைத்து நிற்பதால் அது எழுவதும் இல்லை, மறைவதும் இல்லை. சென்னையிலிருந்து நோக்கினால் மேற்கு வானில், தொடுவானிலிருந்து ஏறத்தாழ 27 பாகை உயரத்தில் அதன் இடம் அமையும். 2019 ஏப்ரல் 1 அன்று ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி45 கலத்தின் நான்காம் நிலையை இஸ்ரோ வீணாக்காமல் ஆய்வு மேடையாக்கியது. அதில் இந்திய ஹாம்களின் செய்தி அஞ்சல் கருவி ஒன்றும் பொருத்தப்பட்டிருந்தது.

பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் அமெச்சூர் வானொலிக் கருவி உண்டு. கல்பனா சாவ்லா, சுனிதா வில்லியம்ஸ் ஆகிய விண்வெளி வீராங்கனைகள் ஹாம் உரிமம் பெற்றவர்களே. 2025 சூலையில் விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த சுபான்ஷு சுக்லா, ஹாம் வானொலி வழியாக இந்திய மாணவர்களின் வினாக்களுக்கு விடையளித்தார்.

நாமும் பேசலாம்

பன்னிரண்டு வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள் ஹாம் உரிமத்துக்கான தேர்வை எழுதலாம். ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை இத்தேர்வை நடத்துகிறது. அடிப்படை மின்னணுவியலும் வானொலி விதிகளும் பாடங்களாகும். பொதுநிலை உரிமத்துக்கு மோர்ஸ் குறியீட்டுப் பயிற்சியும் வேண்டும். பதினோராம் வகுப்பு இயற்பியல் பயில்வோர்க்கு இத்தேர்வு எட்டாததன்று.

உரிமம் பெற்றோர் சில நெறிகளைக் காத்தல் கட்டாயம். தம் அழைப்புக் குறியைச் சொல்லியே பேச வேண்டும். வணிகம் பேசலாகாது, பிறர் அறியாத மறைமொழியில் பேசலாகாது, இசை ஒலிபரப்பலாகாது. பேசுவதை எவரும் கேட்கலாம் என்னும் உணர்வோடு பேச வேண்டும். திண்ணையில் அமர்ந்தவர் அடுத்தவருக்கு இடம்விட்டு அமர்வதுபோல, கோளின் சில நிமிடங்களைப் பிறரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அளவுக்கு மிஞ்சிய ஆற்றலில் ஒருவர் அலை அனுப்பினால், கோளின் சிறு ஆற்றல் முழுவதும் அவருக்கே செலவாகி மற்றவர் குரல் அமிழ்ந்துவிடும். எனவே குறைந்த ஆற்றலில் பேசுவதே இங்கு நாகரிகம்.

விண்வெளி என்பது பெருநிறுவனங்களும் அரசுகளும் மட்டுமே உலவும் இடம் என்று நாம் எண்ணக்கூடும். குரோம்பேட்டையிலும் காட்டாங்குளத்தூரிலும் மாணவர்கள் கோள் சமைத்தனர். அளவுநாடாவால் செய்த ஆன்டெனாவை ஏந்தி எளிய மனிதர்கள் அக்கோள்களைக் கேட்கின்றனர். அறிவும் ஒழுங்கும் பகிர்ந்துண்ணும் பண்பும் உடையவர்க்கு வானம் பொதுவுடைமையே.

கற்பவை கற்றபின்

1. செய்தியை உடனே திருப்பி அனுப்பும் கோள், செய்தியைச் சேமித்து அனுப்பும் கோள் ஆகிய இரண்டையும் அன்றாட வாழ்விலிருந்து எடுத்துக்காட்டுகள் தந்து ஒப்பிடுக.

2. உங்கள் பகுதியில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இரண்டு நாள்கள் நின்றுவிட்டால், உதவி வேண்டுவோர் செய்தியை எவ்வெவ்வழிகளில் அனுப்பலாம் என வகுப்பில் கலந்துரையாடுக.

3. பேரிடர்க் காலத்தில் ஒரு நிமிடத்துக்குள் அனுப்ப வேண்டிய செய்தி ஒன்றை, தேவையற்ற சொல் ஒன்றும் இல்லாமல் எழுதுக.

4. உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்து, அவரிடம் கேட்பதற்குரிய பத்து வினாக்களை உருவாக்குக.